பாட்டி வீட்டு அறையில் பயத்தைக் கொண்டுவருவது எப்படி?

கேள்வி:
குறும்படம் எடுக்கிறேன். களம், பாட்டி வீட்டுப் பின்கட்டு அறை. சுண்ணாம்புச் சுவர், ஒற்றை ஜன்னல், மரப் பீரோ. நேரில் போனால் மனசு திக்கென்கிறது. டியூப்லைட் போட்டு எடுத்தால் எல்லாம் வெளிறிப்போகிறது. லைட் வாடகைக்குப் பணமில்லை. என்ன செய்யலாம்?

பதில் 1:
1920-இல் வந்த ஜெர்மன் படம் ‘தி கேபினட் ஆஃப் டாக்டர் காலிகரி’யைப் பாருங்கள். நிழல்களையே தரையிலும் சுவரிலும் வண்ணத்தால் தீட்டியிருப்பார்கள். ஜன்னல்கள் கோணல், சுவர்கள் சாய்வு. ஊர் எழுத்தர் ஒருவர் மிக உயரமான ஸ்டூலில் குந்தியிருப்பார். அனுமதி கேட்டு வந்தவர் அண்ணாந்து பார்த்து நிற்க வேண்டும். அந்த ஸ்டூலே அதிகாரத்தைச் சொல்லிவிடும், வசனமே வேண்டாம். உங்களிடம் பீரோ இருக்கிறதே! அதைக் கேமராவுக்குப் பக்கத்தில் நிறுத்தி, ஆளைத் தூரத்தில் சின்னதாக நிறுத்துங்கள்.

பதில் 2:
முதலில் டியூப்லைட்டை அணையுங்கள். ‘நாயகன்’ (1987) படத்துக்காகத் கலை இயக்குநர் தோட்டா தரணியும் ஒளிப்பதிவாளர் பி.சி. ஸ்ரீராமும் தேசிய விருது வாங்கினார்கள். இருட்டை அதில் எவ்வளவு தைரியமாக விட்டிருக்கிறார்கள் என்று கவனியுங்கள்.

கேட்டவர்:
சரி, இன்று சாயங்காலம் ஜன்னல் வெளிச்சத்தில் மட்டும் எடுத்தேன். பீரோவின் நிழல் பாட்டியின் கட்டில்வரை நீண்டு கிடந்தது. ரொம்ப நன்றி, அண்ணா!