லண்டன் ஆமியில இருக்கிற தங்கச்சி மகனுக்குப் பார்சல்: மட்டக்களப்பில இருந்து நேரே அனுப்பலாமா?

கல்லடிப் பெரியம்மா எழுதியது:

எல்லாருக்கும் வணக்கம். என்ட தங்கச்சி 1996இல லண்டன் போனவள். அவளுட மூத்த மகன் அங்கேயே பிறந்து வளர்ந்து, ரெண்டு வருசத்துக்கு முந்தி பிரித்தானிய ஆமியில சேர்ந்திட்டான். இப்ப அவனுட ஆக்களை ஆறு மாசத்துக்கு வெளிநாட்டுக்கு அனுப்பியிரிக்காங்க. கடும் குளிர் நாடு. (இடத்துட பேரையும் படைப்பிரிவையும் எழுதியிருந்தன், கீழ ஒருவர் சொன்ன பிறகு எடுத்திட்டன்.)

எங்கட வீட்டில ஆமி என்ட சொல்லு லேசான சொல்லு இல்ல. அம்மாக்கு இப்ப 83 வயசு, 1990இல இங்க நடந்த சண்டையையும் சாவையும் கண்டவ. பேரன் சேர்ந்த செய்தி வந்த அண்டைக்கு அவ சோறு தின்னல்ல. இண்டைக்கும் அந்தச் சொல்லை வாயால சொல்லமாட்டா. யாரும் கேட்டா "புள்ள வேலைக்குப் போயிரிக்கான்" என்டுதான் சொல்லுவா. அப்படி இருந்தவ போன கிழமை தானாகக் கூப்பிட்டு, "ஒரு கிலோ நல்ல எள்ளு வாங்கிட்டு வா மனே" என்டா. நான் ஒண்டும் கேக்கல்ல, வாங்கிக் குடுத்தன்.

எள்ளைக் கழுவி ரெண்டு நாள் வெயிலில காய வெச்சா. தாச்சியில போட்டு வறுக்கக்குள்ள அடுப்படியை விட்டு அசையல்ல. படபடவென்டு வெடிக்கிற சத்தம் குறையுற நேரம் இறக்க வேணும், அதுக்குப் பிந்தினா கசக்கும் என்டா. சக்கரைப் பாகை ஒரு சொட்டு தண்ணிக்குள்ள விட்டு விரலால உருட்டிப் பார்த்தா, மூண்டாம் தரம்தான் சரி என்டா. மறுகா உள்ளங்கையில நல்லெண்ணெய் தடவி, சூட்டோட சூடா உருட்டினா. ஆறவிட்டா உதிர்ந்து போயிரும். கை ரெண்டும் சிவந்து போச்சு. நான் கையை நீட்டினதுக்கு, "நீ விடு, அவனுக்கு நான் உருட்டுறன்" என்டுட்டா. மொத்தம் 62 உருண்டை.

அவ வைக்கச் சொல்ற மத்தச் சாமான்: முறுக்கு, ஊர்க் கஜு, மாசிச் சம்பல், சூடைக் கருவாடு, ஒரு போத்தல் தேன், சளிக்கு எங்கட வைத்தியர் கிண்டித் தாற லேகியம், மாமாங்கக் கோயில் திருநீறு ஒரு பொட்டலம்.

என்ட கேள்வி இதுதான். அவனுக்கு நேரே அனுப்பலாமா, தங்கச்சிக்கு அனுப்பி அவள் அனுப்புறதா? இதுகளுக்குள்ள எது போகும், எது போகாது? பொங்கலுக்குள்ள அவன் கையில கிடைக்க வேணும். அம்மா ஒவ்வொரு நாளும் டின்னைத் திறந்து பார்த்து மூடி வைக்கிறா.

—

கல்முனைத் தபால்காரர் எழுதியது:

தங்கச்சி, முதல் வேலையாக உங்கட பதிவைத் திருத்துங்க. பிள்ளை எந்தப் பிரிவு, எந்த ஊர், எந்த மாசம் திரும்புவார் என்பதெல்லாம் பொது இடத்தில் எழுதக்கூடாது. அவரோட இருக்கிற மத்தப் பிள்ளைகளுக்கும் அது ஆபத்து. பார்சலின் வெளிப்பக்கத்திலயும் முகவரிக்கு மேல ஒரு சொல்லும் வேணாம்.

நான் 31 வருசம் தபால் கந்தோரில இருந்தவன், அதில பாதிக் காலம் பார்சல் கவுண்டர். வெளிநாட்டில இருக்கிற பிரித்தானியப் படைகளுக்குத் தபால் போற வழி தனி. பி.எஃப்.பி.ஓ. என்று அவங்களுக்கென்று படைத் தபால் சேவை இருக்கு. முகவரியில பிள்ளை நிக்கிற நாட்டுப் பேரோ ஊர்ப் பேரோ வராது. சேவை இலக்கம், பதவி, பேர், பிரிவு, பி.எஃப்.பி.ஓ. இலக்கம், அவ்வளவுதான். எல்லாம் முதலில மேற்கு லண்டனில இருக்கிற நோர்த்தோல்ட் விமானப்படைத் தளத்துக்குப் போய், அங்க பிரிச்சுத்தான் அந்தந்த நாட்டுக்கு ஏற்றுவாங்க. நீங்க இங்கயிருந்து போட்டாலும் கொழும்பு மத்திய தபால் பரிமாற்றகம், பிறகு இங்கிலாந்துச் சுங்கம், அதுக்குப் பிறகுதான் நோர்த்தோல்ட். நேரே அனுப்பினதால ஒரு நாளும் மிச்சமில்ல. நடுவில எங்கயும் தடைப்பட்டால் அந்தப் பிள்ளையால குளிருக்குள்ள நின்று கொண்டு உங்களுக்காகத் தேட ஏலாது. லண்டனில இருக்கிற உங்கட தங்கச்சிக்கே அனுப்புங்க.

சுங்கப் படிவத்தில "சாப்பாட்டுச் சாமான்" என்று ஒரே சொல்லில எழுதினால் பெட்டியை உடைச்சுப் பார்ப்பாங்க. எள்ளும் சக்கரையும் சேர்ந்த இனிப்பு, இத்தனை கிராம், இவ்வளவு பெறுமதி என்று ஒவ்வொன்றாக ஆங்கிலத்தில எழுதுங்க. "பரிசு" என்ற கட்டத்தில அடையாளம் போடுங்க. இங்கிலாந்தில 39 பவுணுக்கு உட்பட்ட பரிசுப் பொதிக்கு வரி இல்ல. ஆனால் பெறுமதியைப் பொய்யாகக் குறைச்சு எழுத வேணாம். பெட்டியை ஒட்டாமல் கந்தோருக்குக் கொண்டு போங்க, கவுண்டரில இருக்கிறவர் பார்த்த பிறகு அங்கயே ஒட்டலாம்.

இனி, சொல்ல மனமில்லாத ஒன்று. திருநீறு வைக்காதீங்க. அம்மாவுக்கு அது என்ன என்று எனக்குத் தெரியும், என்ட வீட்டிலயும் சாமியறை இருக்கு. ஆனால் 2001இல அமெரிக்காவில கடிதத்துக்குள்ள ஆந்திராக்ஸ் கிருமித் தூள் வந்து ஆக்கள் செத்த பிறகு, பேர் இல்லாத ஒரு தூளைக் கண்டால் உலகத்தில எந்தத் தபால் கந்தோரும் சும்மா விடாது. அதுவும் படைக்குப் போற பெட்டி. முழுப் பொதியையும் நிறுத்திப்போடுவாங்க. கோயிலில ஒரு நூல் வாங்கி வையுங்க.

தேன் போத்தலும் வேணாம். ஒன்று உடைஞ்சால் மத்த ஆக்களின் கடிதமெல்லாம் நாசமாகும், என்ட கையாலயே அப்படி ஒரு சாக்கைக் கழுவியிருக்கிறன்.

கட்டுற விதம்: தகர டின்னுக்குள்ள உருண்டை, ஒவ்வொரு அடுக்குக்கும் நடுவில எண்ணெய்த்தாள். மேல இடைவெளி இருந்தால் முறுக்கும் தூளாகும், உருண்டையும் உடையும். மூடின பிறகு காதுக்குக் கிட்டப் பிடிச்சுக் குலுக்குங்க. சத்தம் கேட்டால் திறந்து திரும்ப அடுக்குங்க. மாரி தொடங்கப் போகுது, ஆனபடியால் டின்னை ஒருக்கா, பெட்டியை ஒருக்கா, ரெண்டு தரம் பொலித்தீனில சுத்துங்க. முகவரி எழுதின ஒரு தாளைப் பெட்டிக்கு உள்ளயும் போடுங்க. வெளியில உள்ளது நனைஞ்சு அழிஞ்சாலும் பெட்டி போய்ச் சேரும்.

—

லண்டன் ஹரோவில இருந்து ஒரு அம்மா எழுதியது:

அக்கா, வாசிச்சு அழுதிட்டன். நான் களுவாஞ்சிக்குடிப் பிள்ளை, இஞ்ச வந்து 28 வருசம். என்ட மகனும் ஆமிதான். 2022 மாரிகாலம் எஸ்தோனியாவில, தாப்பா என்ட ஊரில இருந்தவன். பிரித்தானியப் படை 2017இல இருந்து அங்க நிக்குதுதானே. அவன்ட வேலை முடிஞ்சு வந்திட்டான், அதால ஊர்ப் பேரைச் சொல்றன்.

தபால்காரர் ஐயா சொன்னதுதான் சரி, தங்கச்சிக்கு அனுப்புங்க. இங்க குடும்பத்துக்கென்டு ஒரு சலுகை இருக்கு. படை நடவடிக்கையில இருக்கிற பிள்ளைகளுக்கு 2 கிலோ வரைக்கும் உள்ள பொதியைத் தபால் கந்தோரில இலவசமா எடுப்பாங்க. எல்லா பி.எஃப்.பி.ஓ. இலக்கத்துக்கும் இல்ல, அதால தங்கச்சி தன்ட மகன்ட இலக்கத்தைச் சொல்லிக் கேக்க வேணும். நீங்க மட்டக்களப்பில இருந்து அஞ்சு கிலோ அனுப்பினாலும் காரியமில்ல. அவள் அதைப் பிரிச்சு ரெண்டு பெட்டி ஆக்கட்டும். 2 கிலோ என்டா பெட்டி, டின், டேப் எல்லாம் சேர்த்து. நான் முதல் தரம் 2 கிலோ 60 கிராமோட போய் நிண்டு, கவுண்டரிலயே பெட்டியைப் பிரிச்சு ஒரு சோடி மேசு (காலுறை) வெளியில எடுத்தனான்.

இனி முக்கியமான விசயம்கா. லேகியம் அனுப்பவே வேணாம். ஆமியில சொல்லாமக் கொள்ளாமப் போதைப்பொருள் சோதனை வைப்பாங்க, மூத்திரம் எடுத்துப் பார்ப்பாங்க. பிடிபட்டா வேலை போகும். எங்கட நாட்டு லேகியத்தில என்ன என்ன மூலிகை சேர்ந்திரிக்கு என்டு போத்தலில எழுதியா இரிக்கு? மதன மோதகம் மாதிரிச் சிலதில கஞ்சா இலையே சேரும். உங்கட வைத்தியர் நல்லவராத்தான் இருப்பார், ஆனா அவன் அதை அங்க நிரூபிக்க ஏலாது. அதே மாதிரி பலகாரத்தில கசகசா சேர்த்திரிந்தா அதையும் நிப்பாட்டுங்க. கசகசா கூடத் தின்டா அபின் வகை சோதனையில காட்டும். சளிக்கு அவங்களுட டொக்டர் இரிக்கார். மனசு கேக்கல்ல என்டா, கடையில விக்கிற, பேரும் சேர்மானமும் அச்சடிச்ச பக்கெட்டை வாங்கி, அவனைக் கேட்டுட்டு அனுப்புங்க.

கருவாடும் வேணாம். ஒரு அறையில ஆறு பேர் படுக்கிறாங்க, குளிருக்கு யன்னல் திறக்க ஏலாது. மாசிச் சம்பலை எண்ணெய் கசியாத போத்தலில இறுக்கி, சின்னதா ஒண்டு வைக்கலாம். இறைச்சி, பால் சாமான் இங்கிலாந்துக்குள்ள அனுப்ப ஏலாது. பால் டொபி போகுமோ தெரியா, அதையும் விட்டிருங்க.

கஜு நல்ல சாமான், ஆனா பக்கெட்டுக்கு மேல கஜு என்டு ஆங்கிலத்தில பெரிசா எழுதுங்க. எள்ளுருண்டை டின்னுக்கும் எள்ளு என்டு எழுதுங்க. அவன் கட்டாயம் மத்தப் பிள்ளைகளுக்கும் குடுப்பான். கொட்டை, எள்ளு ஒத்துக்கொள்ளாத ஒரு வெள்ளைக்காரப் பிள்ளை தெரியாமத் தின்டா உயிருக்கு ஆபத்து.

எல்லாருக்கும் பங்கு வெச்சுக் குடுப்பான் என்டதால உருண்டை எண்ணிக்கையைக் குறைக்காதீங்க. என்ட மகன் சொன்னது, பெட்டி வந்தா அந்த அறையே கூடி நிக்குமாம். அங்க மார்கழியில ஆறு மணித்தியாலம்தான் வெளிச்சம், அதுவும் சாம்பல் நிறம். சாப்பாடு வயிறு நிறையக் குடுப்பாங்க, உறைப்புத்தான் இல்ல. அவன் கேட்டதெல்லாம் வறுத்து இடிச்ச மிளகாய்த்தூள், தேயிலை, உதட்டுக்குப் பூசுற களிம்பு, தடிச்ச கம்பளிச் சோடி மேசு. அந்தக் காலுறையை உங்கட தங்கச்சி இங்க வாங்கட்டும். ஊரில விக்கிற மேசு அந்தக் குளிருக்குக் காணாது.

பொங்கலுக்கு என்டா இப்பவே அனுப்புங்க. நத்தாருக்கு முந்தி படைத் தபாலில பொதி மலை மாதிரிக் குவியும், கடைசித் திகதியை அவங்களே அறிவிப்பாங்க. அந்தத் திகதிக்குள்ள உங்கட பெட்டியும் போயிட வேணும்.

ஒரு கடிதமும் வையுங்கக்கா. தட்டச்சில வேணாம், கையால எழுதுங்க. இவன் திரும்பி வந்த பிறகு பையைக் கழுவ எடுத்தன், என்ட கடிதம் நாலா மடிச்சபடி உள் பொக்கற்றுக்குள்ள கிடந்திச்சு. மடிப்பெல்லாம் கிழிஞ்சு டேப் ஒட்டியிருந்தான்.

—

அக்கரைப்பற்றுத் தம்பி எழுதியது:

அக்கா, எங்கட மச்சானுட கதையையும் சொல்றன், உங்களுக்கு உதவுமோ தெரியா. அவர் இலங்கை ஆமி மருத்துவப் பிரிவில தாதி. ஐ.நா. வேலைக்குத் தென்சூடானுக்குப் போய் ஒரு வருசம் நிண்டவர். அங்க 2014இல இருந்து நம்மட நாட்டு ஆமி நடத்துற ஆஸ்பத்திரி ஒண்டு இருக்கு. அது இருக்கிற நகரத்துட பேர் போர். மாமிக்கு அதைச் சொன்னதும் மயக்கம் வராத குறை. "ஊருக்கே போர் என்டு பேர் வெச்சிரிக்கிற இடத்துக்கா என்ட புள்ள போறான்" என்டு அழுதா. அது அவங்கட பாசையில வேற சொல்லு, நம்மட போர் இல்ல என்டு விளங்கப்படுத்த ரெண்டு நாள் போச்சு.

அங்க தபாலை நம்பி அனுப்ப ஏலாது. லீவில வந்து திரும்பிப் போன ஒருவரிட்டத்தான் குடுத்து விட்டம். அங்க உங்களுக்கு மாறான பிரச்சினை, 40 பாகை வெயில். தொதல் எண்ணெயாகக் கசிஞ்சு போச்சு. முறுக்கும் பொரிச்ச கடலையும் நல்லாப் போய்ச் சேர்ந்திச்சு. எல்லாத்தையும் விட அவர் சந்தோசப்பட்டது மருதமுனைக் கைத்தறிச் சாரன் ரெண்டைக் கண்டுதான். நாள் முழுக்க யூனிபோம், சப்பாத்து. ராவைக்கு அந்தச் சாரனை உடுத்தாத்தான் வீட்டில படுத்த மாதிரி இருக்காம். எடையும் இல்ல, உடையவும் மாட்டாது. உருண்டை டின்னைச் சுத்தி அதையே வெச்சா பஞ்சுக்குப் பஞ்சும் ஆகும்.

—

கல்லடிப் பெரியம்மா எழுதியது:

பதில் எழுதின எல்லாருக்கும் கை கூப்பிச் சொல்றன், நன்றி. பெட்டி நேத்துப் போயிற்று.

லேகியத்தை அம்மா மறுபேச்சில்லாம விட்டுட்டா, அவன்ட வேலை போயிரும் என்டு சொன்னது காணும். கருவாட்டையும் விட்டா. திருநீறுதான் பெரிய பாடாப் போச்சு. ஐயா எழுதினதை அப்படியே வாசிச்சுக் காட்டினன். கொஞ்ச நேரம் பேசாம இருந்தா. மறுகா வெள்ளிக்கிழமை அமிர்தகழிக்குக் கூட்டிட்டுப் போகச் சொன்னா. மாமாங்கேஸ்வரர் சன்னிதியில நூல் ஒண்டு வாங்கி, தன்ட நெத்தித் திருநீறைத் தொட்டு அந்த நூலில தடவினா. அதுக்கு மேல நான் ஒண்டும் சொல்லல்ல.

கஜுவும் முறுக்கும் மாசிச் சம்பலும் வெச்சன். தம்பி சொன்ன மாதிரி மருதமுனைச் சாரன் ஒண்டு, நீலக் கட்டம் போட்டது, டின்னைச் சுத்தி வெச்சன். குலுக்கிப் பார்த்தன், சத்தமில்ல. கந்தோரில இருந்த புள்ள ஒவ்வொண்டா எடுத்துப் பார்த்து, திரும்ப அதே மாதிரி அடுக்கியும் தந்தா. மொத்தம் 4 கிலோ 300.

அம்மாக்கு எழுத வராது, கண்ணும் தெளிவில்ல. அவ சொல்லச் சொல்ல நான் எழுதினன். சாப்பிட்டியா, காலை ஈரத்தோட வெச்சிரிக்காத, எள்ளுருண்டையைப் பல்லால உடனே கடிக்காத, வாயில ஊற விட்டுக் கடி, கூட இருக்கிற புள்ளயளுக்கும் குடு. இப்படியே ஒன்டரைப் பக்கம். முடியுற நேரம் நிப்பாட்டி, "அங்க சனம் இரிக்குதா?" என்டு கேட்டா. இரிக்கும் அம்மா, ஊர்தானே என்டன். "அப்ப இதையும் எழுது" என்டா. "ஆமி உடுப்போட சனத்துட வீட்டு வாசலுக்குப் போக வேண்டி வந்தா, முதலில அங்க இருக்கிற கிழவியப் பார்த்து ஒருக்காச் சிரி மனே."

எழுதிப் போட்டுத்தான் நிமிர்ந்து பார்த்தன். அவ அந்தச் சொல்லைச் சொல்லிட்டா.

தங்கச்சிக்குக் கிடைச்சதும் இஞ்ச வந்து எழுதுறன். ஹரோ அக்கா, அந்த 2 கிலோ இலவசப் பொதிக்கு அவள் என்ன கடதாசி கொண்டுபோக வேணும் என்டு மட்டும் ஒருக்காச் சொல்லுங்க.