ஈரி ஏரித் தண்ணீரும் நம்ம ஊர்க் குளமும்: உங்களுக்கு நேர்ந்ததைச் சொல்லுங்கள்

டவுன் ஆச்சி:
2014 ஆகஸ்ட். மகள் பேறுகாலத்துக்காக அமெரிக்காவில் டொலிடோ போயிருந்தேன். சனிக்கிழமை காலை காப்பிக்குத் தண்ணீர் வைத்தேன். மருமகன் போனும் கையுமாக ஓடிவந்து அடுப்பை அணைத்தார். "குழாய்த் தண்ணி குடிக்கக் கூடாதாம் அத்தை." அதுக்கென்ன, நல்லா கொதிக்க வச்சிருவோம் என்றேன். "கொதிச்சா இன்னும் மோசம். தண்ணி வத்தும், விஷம் அப்படியே நிக்கும்." ஊருக்குத் தண்ணீர் வருகிற ஈரி ஏரியில், அமெரிக்காவுக்கும் கனடாவுக்கும் நடுவில் இருக்கிறதே, அதில் படர்ந்த நீலப்பச்சைப் பாசியின் விஷமாம். தண்ணீரில் என்ன கோளாறு இருந்தாலும் கொதித்தால் தீரும் என்று 60 வயது வரை நம்பினவள் நான். உள்ளே 12 நாள் பிள்ளை பாலுக்கு அழுகிறது. பாத்திரத்தைப் பார்க்கிறேன், தண்ணீர் பளிங்கு மாதிரி இருக்கிறது. அதுதான் இன்னும் உறுத்துகிறது. 4 லட்சத்துக்கும் மேற்பட்டவர்களுக்குத் திங்கட்கிழமை வரை இதே பாடுதான். அமெரிக்காவும் கனடாவும் 1972லேயே தண்ணீரைச் சுத்தமாக வைக்க ஒப்பந்தம் போட்டு மீட்ட ஏரி என்றார்களே, அப்புறம் எப்படி?

சுத்தமல்லிக்காரன்:
ஆச்சி, ஒப்பந்தமெல்லாம் தாள்தான். 2024 டிசம்பரில் நம்ம திருநெல்வேலி கொடகநல்லூர் பக்கம் கேரளாவின் மருத்துவக் கழிவைக் கொட்டியிருந்தார்களே, அங்கே போய் நின்றேன். ஊசி, கையுறை, ரத்தக்கறைப் பஞ்சு. காலடியில் ஒரு மருந்துச் சீட்டு, மலையாள எழுத்தில். கூப்பிடு தூரத்தில் தாமிரபரணி. பசுமைத் தீர்ப்பாயம் கேரள அரசே அள்ள வேண்டும் என்று சொன்ன பிறகுதான் 22ஆம் தேதி லாரிகள் வந்தன. உத்தரவு இல்லாமல் எந்த அரசும் அசையாது.

பாளை மீனாட்சிசுந்தரம்:
தாள்தான் என்பதை ஒத்துக்கொள்ள மாட்டேன். கனடாவின் ஒன்ராறியோவில் ஈரி ஏரிக்கரை ஊர் ஒன்றில் கழிவுநீர் நிலையத்தில் 8 வருஷம் இருந்தேன். ஒரு ராத்திரி, வெளியே விடும் நீரில் பாஸ்பரஸ் அளவு, அதுதான் பாசிக்குத் தீனி, லிட்டருக்கு 1.3 மில்லிகிராம் காட்டியது. விடியும்வரை மூன்று முறை மாதிரி எடுக்க வைத்தார் மேலாளர். பெரிய நிலையங்களுக்கு 1 மில்லிகிராம்தான் வரம்பு, அக்கரை அமெரிக்காவுக்கும் இதே கணக்கு. அதைத் தந்தது அந்தத் தாள்தான். லாரியில் ஏற்றினால் குப்பை போய்விடும். தண்ணீரில் கரைந்ததை எந்த லாரியில் ஏற்றுவது?

ஆச்சிக்கு: கழிவுநீர்க் குழாய் வழியாக வந்த பாஸ்பரஸை இரண்டு நாடும் அடக்கின, சோப்புத்தூளில் பாஸ்பேட்டையும் குறைத்தன. ஏரி தெளிந்தது. ஆனால் வயல் உரம் மழையோடு கரைந்து ஓஹியோவின் மாமீ ஆற்று வழியாக வருகிறது, அதற்குக் குழாய் இல்லை, மூடி இல்லை. அதனால் 2012இல் ஒப்பந்தத்தைத் திருத்தி, 2016இல் பாஸ்பரஸை 2008 அளவிலிருந்து 40 சதவீதம் குறைப்பதாக இரு அரசும் முடிவெடுத்தன.

நம்ம குளங்களுக்கும் சொல்கிறேன். அமலைச் செடியை, அதாவது ஆகாயத்தாமரையை, ஜேசிபி வைத்து அள்ளிக் கரையிலேயே போடாதீர்கள், அழுகி அந்தச் சத்து மறுபடி குளத்துக்கே இறங்கும். தள்ளிக் கொண்டுபோய் மட்க வையுங்கள். பாஸ்பரஸ் உள்ள டிஏபி உரத்தை மழை வரும் நேரத்தில் மேலாகத் தூவாதீர்கள், அடியுரமாக மண்ணோடு கலந்து விடுங்கள். சாக்கடை வாயை முதலில் அடையுங்கள்.

நெல்லைக் கால்வாய்ப் பாசனம்:
அண்ணாச்சி, உரத்தை மட்டும் சொல்லாதீர்கள். எங்கள் மடையைத் திறந்தால் வயலுக்கு முதலில் வருவது டவுன் சாக்கடை நுரைதான். போன பிசான நெல் சாகுபடியில் நாற்று நட்டவர்களின் கால் முழுக்கச் சொறி. கடைமடைக்காரன் யாரிடம் ஒப்பந்தம் போடுவான்?

டவுன் ஆச்சி:
அந்தப் பிள்ளைக்கு இப்போது 11 வயது. லீவுக்கு வந்திருந்தாள். நயினார்குளத்துக் கரையில் நின்று, "இதைக் கொதிக்க வச்சா குடிக்கலாமா ஆச்சி?" என்று கேட்டாள். எனக்குப் பதில் வரவில்லை. கையைப் பிடித்து வீட்டுக்குக் கூட்டி வந்துவிட்டேன்.