துணியும் கார்பனும்: மனசை விட்டுப் போகாத ஒரு சம்பவம் சொல்லுங்க

இரவு ஷிஃப்ட்

ரிட்டர்ன் கிடங்கில் வேலை பார்த்தவன் நான். ஆன்லைனில் வாங்கி, அளவு சரியில்லை என்று திருப்பி விடுகிறோமே, அதெல்லாம் வந்து விழும் இடம். அங்கே நடப்பது இங்கே பாதிப் பேருக்குத் தெரியும். ஒரு ஜாக்கெட்டைப் பற்றி மட்டும் சொல்லிவிட்டுப் போகிறேன்.

கருநீலம். டேக் அப்படியே தொங்குகிறது. காலரில் யாரோ போட்டுப் பார்த்த சென்ட் வாசனை, அவ்வளவுதான் பழுது. பக்கத்து மேசைக்காரர் அதைக் கவிழ்த்துப் போட்டு, கழுத்திலிருந்து இடுப்பு வரை பிளேடால் ஒரே இழுப்பு. வெள்ளைப் பஞ்சு பிதுங்கிக்கொண்டு வந்தது. "ஏண்ணே?" என்றேன். "இதைச் சுத்தம் பண்ணி, மடிச்சு, மறுபடி கவர் போடுற கூலிக்குப் புதுசே வந்துடும் தம்பி. சும்மா குப்பையில போட்டா எவனாவது எடுத்து வித்துடுவான், அதான் கீறல்." அடுத்த பெட்டியைத் திறந்துகொண்டே சொன்னார்.

பஞ்சும் பாலியெஸ்டர், மேல்துணியும் பாலியெஸ்டர். கச்சா எண்ணெயில் பிறந்து, நூலாகி, சாயமேறி, கடல் தாண்டி, யாரோ ஒருவர் வீட்டுக் கண்ணாடி முன் கொஞ்ச நேரம் நின்றுவிட்டு வந்தது. ஐரோப்பிய ஒன்றியத்தின் 2024 சட்டப்படி, 2026 ஜூலை 19 முதல் பெரிய நிறுவனங்கள் விற்காத உடுப்பை அழிக்கக் கூடாது. திருப்பி வந்ததும் அதில் சேரும். சில விலக்குகள் உண்டு. மற்ற இடங்களில் பிளேடு ஓடிக்கொண்டுதான் இருக்கும்.

பாய்லர் பக்கம்

நான் சாயப்பட்டறை. மேலே சொன்ன பாலியெஸ்டருக்கு அழுத்தத்துல 130 டிகிரி ஏத்தணும். பருத்திக்கு 60 டிகிரியிலயே சாயம் பிடிச்சிடும், ஆனா ஒட்டாத சாயத்தைக் கழுவி எடுக்கக் கிட்டத்தட்ட கொதிக்கிற தண்ணி வேணும். எல்லாத்துக்கும் நீராவி, நீராவிக்கு நிலக்கரி.

நான் சொல்ல வந்தது ஒரு கறுப்பு லாட்டைப் பத்தி, அதாவது ஒரே தடவையில சாயம் போட்ட துணி மொத்தம். பையரோட ஆள் வந்தார். நிறம் ஒத்துப் பார்க்கிற விளக்குப் பெட்டி, லைட் பாக்ஸுன்னு சொல்லுவோம், அதுக்குள்ள அவர் சாம்பிளையும் நம்ம துணியையும் பக்கத்துல பக்கத்துல வச்சார். தலையை இப்படிச் சாய்ச்சார், அப்படிச் சாய்ச்சார். "சிவப்பு அடிக்குது" என்றார். நான் பார்த்தேன், மாஸ்டர் பார்த்தார், கணக்கெழுதுற பையனும் எட்டிப் பார்த்தான். எங்க மூணு பேர் கண்ணுக்கும் கறுப்பு கறுப்பாத்தான் தெரிஞ்சுது. முழு லாட்டும் திரும்ப மெஷினுக்குள்ள. பாய்லர்காரர் ஒண்ணும் கேக்கலை, இன்னொரு வண்டி கரியைத் தள்ளினார்.

உலகத்தோட கார்பன்ல பத்து சதவீதம் துணியாலதான்னு படிச்சப்போ எனக்கு ஆச்சரியமே வரலை.

எண் எங்கே

வந்திருக்க வேண்டும் சார். அந்தப் பத்தை எங்கே பார்த்தாலும் எனக்குக் கை அரிக்கும். ஒரு கண்காட்சியில் பெரிய பலகை, அதில் இதே பத்து. எங்கிருந்து எடுத்தீர்கள் என்று பக்கத்தில் நின்ற பெண்ணிடம் கேட்டேன். "எல்லா இடத்துலயும் இருக்கே சார்" என்றார். என் அனுபவம் இவ்வளவுதான்.

மெக்கின்சி என்ற ஆலோசனை நிறுவனமும் குளோபல் ஃபேஷன் அஜெண்டா என்ற ஃபேஷன் துறை அமைப்பும் சேர்ந்து 2018-க்குப் போட்ட கணக்கு 210 கோடி டன் பசுமை இல்ல வாயு, அதாவது உலக மொத்தத்தில் சுமார் 4 சதவீதம். உலக வள நிறுவனம் (WRI) என்ற ஆய்வு அமைப்பும் அப்பாரல் இம்பாக்ட் இன்ஸ்டிடியூட் என்ற உடுப்புத் துறை அமைப்பும் 2019-க்குப் போட்டது சுமார் 102 கோடி டன், ஏறக்குறைய 2 சதவீதம். எதை உள்ளே சேர்க்கிறோம், எதை விடுகிறோம் என்பதில் இவ்வளவு வித்தியாசம். இரண்டு என்றாலும் சின்ன எண் இல்லை. பிறகு எதற்குப் பத்து?

கொடிக்கயிறு

எங்கள் வீட்டில் தங்கின உறவுக்காரப் பையன், ஒரு மணி நேரம் போட்ட சட்டையை மெஷினில் போட்டான். சுடுதண்ணீர், அப்புறம் டிரையர். வெளியே கொளுத்துகிற வெயில், கொடி காலியாகக் கிடக்கிறது! இன்னும் கண்ணுக்குள்ளேயே நிற்கிறது.

யாரும் கேட்கவில்லை, இருந்தாலும் சொல்கிறேன். லீவைஸ் நிறுவனம் தன் 501 ஜீன்ஸுக்கு 2015-இல் வெளியிட்ட ஆயுள் கணக்கில், அதாவது பருத்தி வயல் முதல் தூக்கிப் போடுவது வரையான கணக்கில், மொத்தம் 33.4 கிலோ கார்பன் டை ஆக்சைடுக்குச் சமமான வாயு. மூன்றில் ஒரு பங்குக்கும் மேலே வாங்கினவர் துவைத்து உலர்த்துவதில் போகிறது. எனவே முதலில் டிரையரை மறந்துவிடுங்கள். மெஷினைப் பச்சைத் தண்ணீரில் ஓட்டுங்கள். சுடுநீர் ஓட்டத்தில் மின்சாரம் பெரும்பாலும் தண்ணீரைச் சூடாக்கத்தான் போகிறது. நோயாளி இருக்கிற வீடு, குழந்தைத் துணி என்றால் சுடுநீர் வையுங்கள், அதில் கஞ்சத்தனம் வேண்டாம். மெஷின் நிறைகிற வரை பொறுங்கள். ஜீன்ஸையும் கோட்டையும் ஒவ்வொரு தடவையும் துவைக்க வேண்டியதில்லை, காற்றில் மாட்டி வைத்தால் போதும். கறை பட்ட இடத்தை மட்டும் கசக்குங்கள். சாயத்துணியை உள்பக்கம் வெளியே வரும்படி திருப்பி நிழலில் உலர்த்தினால் வெளுக்காது. வெளுக்காத துணியை யாரும் சீக்கிரம் தூக்கிப் போடுவதில்லை. இஸ்திரி வேறு தனிக் கதை, ஈரத்தோடு உதறிப் போட்டால் பாதிச் சுருக்கம் தானே போய்விடும்.

இரவு ஷிஃப்ட்

அக்கா, எல்லாம் சரி. நான் சொன்ன ஜாக்கெட் ஒரு தடவைகூட நனையவில்லையே.

எண் எங்கே

தம்பி பக்கம்தான் நான். அந்த 4 சதவீத ஆய்வே ஏறத்தாழ 70 சதவீதத்தை நூல், துணி, சாயம் பக்கம்தான் வைக்கிறது. கொடியில் காயப் போடுகிறவர் வீட்டில் துவைப்பின் பங்கு இன்னும் குறையும்.

கொடிக்கயிறு

அப்படியென்றால் துவைக்கிறவர்கள் கையைக் கட்டிக்கொண்டு இருப்பதா? சாயப்பட்டறைப் பாய்லரை நான் போய் அணைக்க முடியாது. என் வீட்டு டிரையரை அணைக்கலாம்.

முட்டி தேய்ஞ்சவன்

சண்டைக்கு நடுவில் வருகிறேன். ஜீன்ஸ் ஜிப் மேலே ஏறுகிறது, பல் கடிக்க மாட்டேன் என்கிறது. தூக்கிப் போட வேண்டியதுதான் என்று வீட்டில் எல்லோரும் தீர்ப்புச் சொல்லிவிட்டார்கள். தையல்காரர் வாங்கிப் பார்த்து, ஒரு சின்னக் குறடால் ரன்னரின் இரண்டு பக்கத்தையும் லேசாக அழுத்தினார். கரக்கென்று மூடிக்கொண்டது. காசு வாங்க மறுத்துவிட்டார். "பல்லு நல்லாத்தான் இருக்கு, வாய்தான் அகண்டு போச்சு. மறுபடி அகண்டா ரன்னரை மாத்திக்கலாம்" என்று சொல்லிவிட்டு மிஷினை மிதிக்க ஆரம்பித்தார். அதற்குப் பிறகு எங்கள் வீட்டில் ஜிப் போனது என்று யாராவது சொன்னால் நான்தான் குறடோடு போய் நிற்கிறேன்.

இப்போது அதே ஜீன்ஸில் முட்டி இரண்டும் நூலாகி நிற்கிறது. உள்பக்கம் ஒட்டுத்துணி வைத்தால் உட்காரும்போது விளிம்பு உறுத்துகிறது. ஓரத்தை மடிக்காமல் அப்படியே வைத்துத் தைக்கலாமா, பிரிந்துவிடாதா? சாயப்பட்டறை அண்ணனுக்கோ கொடிக்கயிறு அக்காவுக்கோ தெரிந்தால் எழுதுங்க.