குளிரில் மீன் அமிலம் அழுகுது, வேறு வழி உண்டா?

கேரட்பாத்தி, கோத்தகிரி:
பயிருக்குத் தெளிக்கிற மீன் அமிலத்துக்கு (மீன் கழிவை வெல்லத்தில் ஊற வைச்சுக் கரைக்கிற உரம்) மீன் கடைக் கழிவு 20 கிலோ: தலை, குடல், முள், செதில். சம எடை வெல்லம் போட்டு 30 நாளாச்சு. தலை கரையவே இல்லை, பழ வாசனைக்குப் பதில் அழுகல் நாற்றம். ராத்திரியில் 10 டிகிரி. இன்னும் வெல்லம் போடலாமா?

புளிப்புப்பானை:
வேண்டாம். அழுகினதை ஆழமாப் புதைச்சிடுங்க. முழுத் தலைக்குள்ள சர்க்கரை ஏறுறதே மெதுவு, குளிரில் இன்னும் மெதுவு. அலசின தண்ணீர் வடியாம இருந்தா பாகும் நீர்த்துடும்.

மலையில் அமிலச் சைலேஜ்தான் (வெல்லத்துக்குப் பதில் அமிலம் விட்டு, அழுகாம கரைக்கிற மீன் கூழ்) கைகொடுக்கும். கழிவை அன்றன்றே 1 செ.மீ.க்கும் சிறிசா அரைங்க. குடலை எறியாதீங்க, கரைக்கிற நொதி அதிலதான் அதிகம். 85 சதவீத ஃபார்மிக் அமிலம் (ரப்பர் பால் உறைய வைப்பாங்களே, அதேதான்) எடையில் 3 சதவீதம். 20 கிலோவுக்குச் சுமார் அரை லிட்டர். பிளாஸ்டிக் டிரம், கையுறை, கண்ணுக்குக் காப்புக் கண்ணாடி கட்டாயம். பி.எச். (புளிப்பு அளவு; குறையக் குறையப் புளிப்பு அதிகம்) 4-க்குக் கீழே நிக்கணும். முள் அதிகமுன்னா அதிலுள்ள கால்சியம் அமிலத்தைத் தின்னுடும், மறுநாள் பி.எச். ஏறியிருந்தா இன்னும் கொஞ்சம் ஊத்துங்க. புதுக் கழிவு 20 டிகிரியில் ரெண்டு நாளில் கூழாகும், 10 டிகிரியில் அஞ்சு முதல் பத்து நாள். தினமும் கிளறணும். முள் அடியில் தங்கும், வடிகட்டிக்கலாம்.

கேரட்பாத்தி:
அப்படியே தெளிக்கலாமா சார்?

புளிப்புப்பானை:
இலை கருகும். தேவையானதை மட்டும் எடுத்து, சுண்ணாம்புத் தண்ணீர் விட்டு பி.எச். 6-க்குக் கொண்டுவந்து, லிட்டருக்கு 5 மி.லி. அன்னைக்கே தீர்த்துடுங்க; அமிலம் போனா காப்பும் போச்சு. மத்திக் கழிவுன்னா மேலே மிதக்கிற எண்ணெயை முதலில் வழிச்சிடுங்க, நாசில் அடைக்கும். டிரம்மைப் பூட்டின கொட்டகையில் வைங்க. கரடி மூக்குக்கு மூடி ஒரு பொருட்டில்லை.

நொதிக்காரன், ஊட்டி:
தீவனத்துக்குப் பெப்டைடு (புரதம் உடைஞ்ச சிறு துண்டு) வேணும்னா பப்பெய்ன் (பப்பாளிப் பால் நொதி) வழி. அரைச்ச கழிவு 10 கிலோ, தண்ணீர் 10 லிட்டர், 55 டிகிரி, பப்பெய்ன் 15 கிராம் (புரதத்தில் சுமார் 1 சதவீதம்). மூணு மணி நேரம் கிளறணும். மீனின் பி.எச். இதுக்குத் தோதுதான், மாத்த வேண்டாம். பிறகு நொதியை அடக்க 20 நிமிஷம் கொதிக்க விடுங்க. ஊட்டி உயரத்தில் தண்ணீர் 93 டிகிரியை ஒட்டியே கொதிச்சிடும், அதுவே போதும். அடக்காம விட்டா நொதி புரதத்தை வெட்டுறது தொடர்ந்து கசப்பு ஏறும், மாடு முகம் திருப்பும். வடிச்ச சாறு ஒரு நாள் கூடத் தாங்காது. இதையும் ஃபார்மிக் விட்டு பி.எச். 4-க்கு இறக்கித்தான் வைக்கணும்.