பாண்டியில் நான் திருப்பி அனுப்பிய பீட்சா

உப்புக்காற்று:
மூன்று வாரம் ஆகிறது, இன்னும் உறுத்துகிறது. ஒயிட் டவுனில், பீச் ரோட்டிலிருந்து இரண்டு தெரு உள்ளே. முன்னால் ரொட்டிக் கடை, பின்னால் விறகடுப்பு, நாலே மேசை. இந்த மாதிரிக் கடைகள் உங்களுக்கே தெரியும். பீட்சா வந்தது, ஓரமெல்லாம் கரும்புள்ளி. "தீய்ஞ்சு போச்சு, மாத்திக் கொடுங்க" என்றேன். பையன் பேசாமல் எடுத்துப் போனான். அடுத்து வந்தது வெளுத்துப் போய், பச்சை மைதா வாடையோடு. கை கழுவப் பின்பக்கம் போனால், அடுப்புக்காரர் சவுக்குக் கட்டைமேல் உட்கார்ந்து நான் அனுப்பியதைச் சாப்பிட்டுக்கொண்டிருக்கிறார். அவ்வளவு ருசித்து. என்னைப் பார்த்ததும் ஒரு துண்டை நீட்டினார். தலையை ஆட்டிவிட்டு வந்துவிட்டேன். வாங்கியிருக்கலாம்.

கடலூர்க்காரன்:
இதில் வருத்தப்பட என்ன இருக்கிறது? காசு கொடுத்தவர் நீங்கள். நேப்பிள்ஸ் பாணியில் 450 டிகிரிச் சூட்டில் ஒன்றரை நிமிடத்துக்குள் வேகும், புள்ளி விழத்தான் செய்யும். அதைச் சாக்காக வைத்துக் கருகியதையெல்லாம் தலையில் கட்டுகிற கடைகளும் உண்டு. அடிப்பக்கம் எப்படி இருந்தது? அதைச் சொல்லாமல் கதையை முடித்துவிட்டீர்களே.

முத்தியால்பேட்டை:
எனக்குப் பீட்சா இல்லை, பாகெத், அந்த நீள பிரெஞ்சு ரொட்டி. காலை ஆறரை, வரிசையில் எனக்கு முன்னால் ஒரு சொல்தா தாத்தா. பிரெஞ்சுப் பட்டாளத்துப் பென்ஷன், இஸ்திரி போட்ட சட்டை. மொறுமொறுவென்று சத்தம் வருகிறதா என்று ரொட்டியைக் காதோரம் வைத்து மெல்ல அழுத்தினார். கடைக்காரர் மூச்சுவிடவில்லை. "பேசலையே தம்பி, நேத்திதா?" என்று கேட்டு வைத்துவிட்டுப் போய்விட்டார். அது காலையில் சுட்டதுதான், நான் கண்ணால் பார்த்தேன். கடற்காற்றில் மேலோடு ஒரு மணி நேரத்தில் நமுத்துவிடும். கடைக்காரரும் சொல்லவில்லை, நானும் சொல்லவில்லை.

வீட்டு அடுப்பு:
மகாபலிபுரத்தில் எனக்கும் வெளுத்த பீட்சாதான் கிடைத்தது, அதை விடுங்கள். வீட்டிலேயே செய்யுங்கள். ஒரு கிலோ மைதாவுக்கு 600 மில்லி தண்ணீர், 20 கிராம் உப்பு, ஈஸ்ட் 2 கிராம் போதும். நம் ஊர் வெக்கையில் ஈஸ்ட் கூடினால் இரண்டு மணி நேரத்தில் மாவு பொங்கிப் புளித்துவிடும். பிசைந்து உருட்டி ஒரு நாள் ஃபிரிட்ஜில் வையுங்கள். வீட்டு அவன் 250 டிகிரிக்கு மேல் போகாது, அதனால் இரும்புத் தோசைக்கல்லைக் கவிழ்த்து உள்ளே வைத்து முக்கால் மணி நேரம் காயவிட்டு அதன்மேல் போடுங்கள். தக்காளிச் சாற்றை வடிகட்டுங்கள், இல்லாவிட்டால் நடுவில் சொதசொதவென்று ஆகும். சீஸ் குறைவாக. மழைக்காலத்தில் மைதாவே ஈரத்தை இழுத்திருக்கும், தண்ணீரை மொத்தமாக ஊற்றாதீர்கள். அப்புறம் கைக்கு எண்ணெய் தொடுங்கள், மைதாவை மேலும் மேலும் தூவாதீர்கள்.

கடலூர்க்காரன்:
கேட்டது யார் சார்?

மழைக்கோட்டு:
2024 நவம்பர் 30, ஃபெஞ்சல் புயல். பாண்டியில் ஒரே நாளில் 40 செ.மீ.க்கு மேல் மழை, தெருவில் முழங்கால் தண்ணீர், கரண்ட் இல்லை. மறுநாள் முனைக் கடைக்காரர் வீடு வீடாகக் கதவைத் தட்டினார். ஃபிரிட்ஜ் நின்று மாவெல்லாம் பொங்கிக்கொண்டிருந்ததாம். விறகடுப்புக்குக் கரண்ட் எதற்கு? எல்லாவற்றையும் வெறும் ரொட்டியாகத் தட்டிப் பீட்சாப் பெட்டியில் அடுக்கிக் கொண்டுவந்திருந்தார். உதவி செய்கிற முகமே இல்லை, எரிச்சல்தான். "சீக்கிரம் புடிங்க, அடுத்தது அடுப்புல இருக்கு." காசு கேட்டதற்கு "அப்புறம் பாத்துக்கலாம்" என்றார். நாலு ரொட்டி வாங்கினேன். பொங்கலுக்கு ஊருக்குப் போய்த் திரும்பினால் அங்கே துணிக்கடை. யாரைக் கேட்டாலும் தெரியவில்லை.

உப்புக்காற்று:
கடலூர்க்காரனுக்கு: அடி கறுக்கவில்லை. அவர் நீட்டிய துண்டில் பார்த்தேன், நல்ல பொன்னிறம்.