சிறுகுறிஞ்சான் பொடி டயட்: உங்கள் அனுபவம் என்ன?

கொடிமல்லி, மதுரை:
எங்கள் ஆபீஸில் இப்போது எல்லார் கைப்பையிலும் சிறுகுறிஞ்சான் என்ற மூலிகையின் இலைப் பொடி இருக்கிறது. இனிப்பு தேடும்போதெல்லாம் ஒரு சிட்டிகை நாக்கில் தடவ வேண்டும், காலைப் பலகாரம் கிடையாது, ஒரு மண்டலத்தில் ஆசையே அற்றுப்போகும் என்கிறார்கள். நானும் சேர்ந்தேன்.

பொடி வேலை செய்கிறது, அதில் சந்தேகமில்லை. முதலில் கசக்கும். அது அடங்கியபின் சர்க்கரையை வாயில் போட்டால் மணலை மெல்வது போலத்தான். மைசூர்பாகில் நெய் வாசம் வரும், கடலை மாவு தெரியும், இனிப்பு மட்டும் இருக்காது. உப்பும் புளிப்பும் வழக்கம்போல. இலையிலுள்ள ஜிம்னிமிக் அமிலம் நாக்கில் இனிப்பை உணரும் இடங்களை அடைத்துக்கொள்வதால் இப்படி. அரை மணி, முக்கால் மணியில் விலகிவிடும்.

சாயங்கால டீ வேளையைத் தாண்ட இது உதவுகிறது. ஆனால் காலையில் பட்டினி கிடந்தால் ராத்திரி இனிப்பு ஆசை இரண்டு மடங்காக வருகிறது. இட்லி சாம்பார் வயிறாரச் சாப்பிட்டுக் கிளம்பும் நாளில் பொடியே தேவைப்படுவதில்லை. உங்களுக்கு எப்படி?

வேலூர்த் தம்பி:
அக்கா, சர்க்கரை மாத்திரை போடுகிறவர்கள் இதைத் தயவுசெய்து படிக்க வேண்டும். எங்கள் பெரியம்மா கிளிமிபிரைடு போடுகிறவர்; இன்சுலினைச் சுரக்க வைத்து ரத்தச் சர்க்கரையை இறக்கும் மாத்திரை அது. யாரோ சொன்னார்கள் என்று இதே பொடியைத் தொடங்கி, காலைச் சாப்பாட்டையும் நிறுத்திவிட்டார். மாத்திரையை மட்டும் நிறுத்தவில்லை. முற்பகலில் வேர்த்துக் கொட்டி, கை நடுங்கி, "இனிப்பா ஏதாவது வேணும்போல இருக்குடா" என்றார். சொல்லிக்கொண்டே பொடி டப்பாவை எடுத்து இன்னும் ஒரு சிட்டிகை தடவிக்கொண்டார்!

நான் நர்சிங் படித்தவன். விரலில் குத்தி ரத்தச் சர்க்கரையைப் பார்த்தேன், 52. ரொம்பக் குறைவு. மூன்று டீஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் கொடுத்தால், "வெறுந்தண்ணியக் குடுக்கிறியே" என்று தள்ளிவிடுகிறார். கெஞ்சிக் குடிக்க வைத்தேன். நாக்குக்குத் தெரியாவிட்டாலும் ரத்தத்தில் ஏறத்தானே செய்யும்? கால் மணி கழித்து 80-ஐத் தாண்டியது. அதன்பிறகு இட்லி கொடுத்தோம்.

அந்த நேரத்து ஆசை நாக்கினுடையது அல்ல அக்கா, உடம்பு உதவி கேட்கிறது. அதைப் பொடி போட்டு அமுக்கவே கூடாது. சிறுகுறிஞ்சானே சர்க்கரையைக் கொஞ்சம் இறக்கக்கூடியது. இன்சுலினோ இந்த வகை மாத்திரையோ எடுப்பவர்கள் டாக்டரைக் கேட்காமல் இதைத் தொடாதீர்கள், சாப்பாட்டையும் தள்ளிப்போடாதீர்கள்.

தேனி அத்தை:
என் மருமகள் இருந்தது வேறு டயட். வெள்ளைச் சர்க்கரை ஆகாது, கருப்பட்டியும் தேனும் எவ்வளவு வேண்டுமானாலும் சாப்பிடலாம் என்றார்களாம். கருப்பட்டியிலும் பெரும்பங்கு வெள்ளைச் சர்க்கரையிலுள்ள அதே சுக்ரோஸ்தான். எடை ஏறியதும் செயற்கைச் சுவையூட்டி மாத்திரைக்கு மாறினாள். எடையைக் கட்டுப்படுத்த அவற்றை நாட வேண்டாம் என்று உலக சுகாதார நிறுவனம் 2023-ல் பரிந்துரைத்ததைக் காட்டிய பிறகுதான் விட்டாள். (ஏற்கெனவே நீரிழிவு உள்ளவர்களுக்கு அந்தப் பரிந்துரை பொருந்தாது.) இப்போது காபியில் சர்க்கரையைக் கால் ஸ்பூன், கால் ஸ்பூனாகக் குறைத்து வருகிறாள். கடைக் காபி அவளுக்கே திகட்டுகிறது.

கொடிமல்லி, மதுரை:
தம்பி, எங்கள் குழுவில் சர்க்கரை மாத்திரை போடுகிற அக்கா ஒருவர் இருக்கிறார். நீங்கள் எழுதியதை இப்போதே அவருக்கு அனுப்பிவிட்டேன். எந்த மாத்திரை என்று கேட்டுக்கொண்டு வருகிறேன்.