கலைச்சொல் வேண்டும்: காணாத ஊரின் நினைவு

அன்பர்களே,

லெபனான் ஆர்மீனியர் பற்றிய பாடம் ஒன்றைத் தமிழாக்குகிறேன். வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது. 1915இல் ஒட்டோமான் அரசு ஆர்மீனியரைச் சிரியப் பாலைவனத்துக்கு விரட்டிக் கொன்றது. தப்பியவர்களில் பலர் பெய்ரூட்டில் ஒதுங்கினார்கள், 1924இல் குடியுரிமை கிடைத்தது. அங்கே பூர்ஜ் ஹம்மூத் என்ற புறநகரில் பேட்டைகளுக்கே, விட்டுவந்த ஊர்களான மராஷ், சிஸ் நினைவாக நோர் மராஷ், நோர் சிஸ் என்று பெயர். 'நோர்' என்றால் புது. இன்று 128 பேர் நாடாளுமன்றத்தில் ஆறு இடம் அவர்களுக்கு. 1975இல் தொடங்கிய உள்நாட்டுப் போரிலும் அவர்கள் கட்சிகள் பெரும்பாலும் பக்கம் சாயவில்லை.

மராஷைக் கண்ணால் காணாத பேத்தி ஏப்ரல் 24, அந்தக் கொலைகளின் நினைவுநாள் ஊர்வலத்தில் அதை நினைத்து நடக்கிறாள். இந்த நினைவைத்தான் போஸ்ட்மெமரி என்கிறார்கள். 'பின்னினைவு' என்று எழுதினேன், மனம் ஒப்பவில்லை.
கா.

---

பின்னினைவு என்றால் பிறகு ஞாபகம் வந்தது போல் இருக்கிறது. 'எச்சநினைவு' என்க. அஞ்சு, அச்சம், மிஞ்சு, மிச்சம், எஞ்சு, எச்சம். 'எச்சத்தாற் காணப்படும்' என்ற குறளில் எச்சம் என்பது மக்கள் என்றே பரிமேலழகர் உரை. பெயரெச்சமும் வினையெச்சமும் முடிக்கும் சொல்லுக்காகக் காத்து நிற்பவை. மராஷ் நினைவும் அப்படித்தானே?
ந.

---

ஐயா, என் வகுப்பில் எச்சம் என்றால் காக்கை எச்சம்தான். பிள்ளைகள் சிரித்துவிடுவார்கள். இந்தப் பாடத்தில் அது கூடாது. 'வம்ச நினைவு' சட்டென்று புரியும்.
செ.

---

வம்சம் வடசொல். 'கொடிவழி நினைவு' இருக்கிறதே.
ந.

---

லெம்கின் என்ற சட்ட அறிஞர் 1944இல் கிரேக்க வேரையும் லத்தீன் வேரையும் ஒட்டித்தான் ஜெனோசைட் என்ற சொல்லையே செய்தார். கலப்புச் சொல் என்பதால் அது வலுவிழந்துவிடவில்லை. அப்புறம், அதற்கு நாம் இனப்படுகொலையா இனவழிப்பா என்பதே இன்னும் முடியவில்லை.
செ.

---

அதைத் தனி இழையில் பேசலாம். எனக்கு உறுத்துவது வேறு. தப்பியவர்களையும் அவர்கள் வாரிசுகளையும் துருக்கியில் 'வாளின் மிச்சம்' என்று இழித்துச் சொல்வதுண்டு. அது தெரிந்தபின் எச்சம் என்று எழுதக் கை வரவில்லை. வம்சம், கொடிவழி இரண்டும் குடும்பத்தோடு நின்றுவிடுகின்றன; இது ஊரே சுமப்பது. 'வழிவழி நினைவு' என்று போடட்டுமா?
கா.

---

சரி, போடுங்கள். எனக்குச் சம்மதம்.
செ.

---

நான் இசையவில்லை. வழிவழி என்றால் பாட்டி உட்காரவைத்துச் சொல்லிக்கொடுத்தது. வாயே திறக்காத பாட்டிகள் எத்தனை பேர்! அந்த மௌனத்திலிருந்து வந்த நினைவுக்கு எச்சம்தான் சொல். கொன்றவன் வசைக்காக வள்ளுவர் சொல்லை விட்டுக்கொடுக்க மாட்டேன்.
ந.